ஸ்ரீலங்கா போக எந்த மாசம் சரிப்படும்? தீபாவளியா, பொங்கலா, மே லீவா?

பனியன்பேட்டை:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ஊட்ல ரொம்ப நாளா ஸ்ரீலங்கா ஸ்ரீலங்கான்னு ஒரே பேச்சு, இந்த வாட்டி போயே தீரோணும்னு முடிவாயிருச்சு. நானு, ஊட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, அப்பறம் அம்மா. அம்மாவுக்குக் கோயிலு, திருகோணமலைல திருக்கோணேஸ்வரமும் யாழ்ப்பாணத்துல நல்லூரும் பாத்தே ஆவோணும்ங்கறாங்க, பசங்களுக்கு யானையும் பீச்சும், ஊட்டுக்காரம்மாவுக்கு அந்த தேயிலைத் தோட்டத்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற ரயிலு. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, போன் அடிக்காம இருந்தாப் போதும்.

சிக்கல் என்னன்னா நம்ம பனியன் தொழில்ல நெனச்ச நேரத்துல லீவு போட முடியாது. தீபாவளிக்கு கம்பெனி மூடுனா ஆளுங்க எல்லாம் ஊருக்குப் போயி திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் ஆயிரும், அதுதான் நமக்குப் பெரிய லீவு. பொங்கலுக்கு நாலஞ்சு நாள். மே மாசம் பசங்களுக்கு லீவு, எனக்கு ஷிப்மென்ட் எப்பிடி இருக்குதோ அதப் பொறுத்து. நெட்ல தேடுனா ஒருத்தரு டிசம்பர்ல இருந்து மார்ச்சுங்கறாரு, இன்னொருத்தரு மே-ல இருந்து செப்டம்பர்ங்கறாரு, மூணாவது ஆளு வருசம் பூரா போலாங்கறாரு. தமிழ்நாட்டுல பாதி சைஸு இருக்கற தீவுக்கு இத்தன பஞ்சாயத்தா? இங்க ஒரு ஏஜெண்ட்டு தீபாவளிக்கே போங்க, சூப்பரா இருக்கும்ங்கறாரு, அட்வான்ஸ் கேக்கறாரு. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

பொள்ளாச்சிக் காத்து:

ஏனுங்க, நீங்க படிச்சதுல யாரும் பொய் சொல்லலீங்க, ஒவ்வொருத்தரும் தீவுல ஒவ்வொரு பக்கத்தச் சொல்றாங்க, எந்தப் பக்கம்னு சொல்லாம வுட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

நம்மூர வெச்சே சொல்றேன். ஜூன் ஜூலைல வால்பாறைல, சின்னக்கல்லாறுல கொட்டு கொட்டுன்னு கொட்டுது, அதே நாளு உடுமலை பல்லடம் பக்கம் என்ன நடக்குது? வெறும் காத்து, காத்தாடி சுத்துது, மழ எட்டிக்கூடப் பாக்கறதில்ல. ஏன்னா மலை ஈரத்த எல்லாம் அந்தப் பக்கமே புடுங்கிட்டு வறண்ட காத்த மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவுடுது. ஸ்ரீலங்கால நடுவுல நிக்கறதும் அப்பிடி ஒரு மலைதான், 2500 மீட்டர் உசரம் வரைக்கும் போகுது. மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து வந்து கொழும்பு, காலி, இரத்தினபுரி, ஹட்டன் இங்கெல்லாம் ஊத்தும், அதே சமயம் மலைக்கு அந்தாண்ட திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பே எல்லாம் காஞ்சு கெடக்கும், மலையில இருந்து எறங்கற அந்தச் சூட்டுக் காத்துக்கு கச்சான்னு அங்கத்த சனங்க பேரே வெச்சிருக்காங்க. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அப்பிடியே தலைகீழு, வடகிழக்குக் காத்து வங்காள விரிகுடால இருந்து வந்து கிழக்கயும் வடக்கயும் நனைக்கும், தெக்கயும் மேக்கயும் பளிச்சுன்னு இருக்கும். ஆக நீங்க கேக்க வேண்டிய கேள்வி எந்த மாசம்ங்கறதே இல்லீங்க, எனக்குக் கெடைக்கற மாசத்துல எந்தப் பக்கம் போறதுங்கறதுதான்.

இதுல ஒரே ஒரு விதிவெலக்கு இருக்குது, அதுதான் உங்க தீபாவளி. அக்டோபர் நவம்பர்ல ரெண்டு பருவத்துக்கும் நடுவுல மாட்டிக்கும், ரெண்டு காத்துமே வலுவா இருக்காது, அதனால மத்தியானம் ஆனா இடியோட மழ தீவு பூரா பேயும், போதாக்கொறைக்கு வங்கக் கடல்ல காத்தழுத்தத் தாழ்வு, புயலுன்னு எல்லாம் உருவாகறதும் அந்தச் சமயத்துலதான். மேக்கயும் இல்ல கெழக்கயும் இல்ல, ஒளியறதுக்கு ஒரு பக்கம் கூட மிஞ்சாது. மார்ச் ஏப்ரல்லயும் இதே மாதிரி ஒரு எடவேள வரும், ஆனா அப்ப மழ கொறைவு, வெயிலும் வேர்வையும்தான் எச்சு.

உங்க ஏஜெண்ட்டுக்கு போனஸ் வாங்குன கையோட திருப்பூர்க்காரங்க இருப்பாங்கன்னு தெரியும், மழ எப்பன்னு கேட்டா தெரியுமான்னு சந்தேகந்தான். அட்வான்ஸ் குடுக்காதீங்க.

ஈரோட்டு கஞ்சன்:

எல்லாரும் இப்பிடி பயமுறுத்தித்தான் டிசம்பர்ல ரூம் ரேட் ரெண்டு பங்கு மூணு பங்குன்னு நிக்குது. நானு நவம்பர் மொத வாரத்துலதான் போனேன், என்ன ஆயிப்போச்சு? வெள்ளன எந்திரிச்சு ஏழு மணிக்கெல்லாம் சிகிரியா பாறைக்கோட்டை ஏறிட்டேன், அந்த நேரத்துல கூட்டமும் இல்ல, வெயிலும் இல்ல. மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு இருட்டிக்கிட்டு வரும், ஒரு ரெண்டு மணி நேரம் அடிக்கும், அந்த நேரம் சாப்ட்டுட்டு ஒரு தூக்கம் போட்டா தீந்துச்சு, பொழுதுக்கு மறுபடி வெளிய போலாம். ஓட்டல்காரங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு ரேட் கொறைக்கறாங்க. கிறிஸ்துமஸ்ல இருந்து ஜனவரி மொத வாரம் வரைக்கும் போய்ப் பாருங்க, வெள்ளக்காரங்க குளிருக்குப் பயந்து எல்லாரும் அங்கதான் இருப்பாங்க, அதே ரூமு அதே கட்டிலு, காசு மட்டும் வேற.

அப்பறம் போன்ல இருக்கற வெதர் ஆப்பப் பாத்து பயப்படாதீங்க, அது அங்க வருசத்துல முக்காவாசி நாளு மேகமும் மின்னலும் போட்டே வெச்சிருக்கும், எந்த ஊருல எத்தன மணிக்குன்னு அதுக்கே தெரியாது.

கடல்பைத்தியம் கோவை:

கஞ்சன் அண்ணா சொல்றது கோயிலு, கோட்டை, சிகிரியாவுக்கு சரிங்ணா, ஒத்துக்கறேன். பீச்சுன்னு வந்துட்டா அந்தக் கணக்கே வேற. எல்லாரும் மழயவே பாக்கறீங்க, கடல யாரும் பாக்க மாட்டேங்கறீங்க. சீசன் பாக்கறதே கடலுக்குத்தான்.

ஜூலைல தெக்குக் கரையில மிரிஸ்ஸ பீச்சுக்குப் போனா வெயிலு கூட சில நாள் நல்லா அடிக்கும், போட்டோல பாத்தா அட்டகாசமா இருக்கும், ஆனா தென்மேற்குக் காத்து நேரா அந்தக் கரையிலதான் வந்து மோதும், அலை ஆள் உசரத்துக்கு வரும், செவப்புக் கொடி நட்டிருப்பாங்க, அடியில இழுக்கற நீரோட்டம் வேற. தண்ணியும் கலங்கிப் போயி ஸ்னார்க்லிங் எறங்குனா ஒண்ணும் தெரியாது. அங்க திமிங்கலம் பாக்கற போட்டும் நவம்பர் டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். நீலத் திமிங்கலம்ங்ணா, உலகத்துலயே பெரிய உசுரு, கரையில இருந்து கொஞ்ச தூரத்துலயே பாக்கலாம், அத வுட்டுட்டு வரக் கூடாது. திருகோணமலைப் பக்கம் பாத்தீங்கன்னா இதுக்கு நேர் எதிரு, அங்க மே-ல இருந்து ஆகஸ்ட் செப்டம்பர் வரைக்கும் கடல் குளம் மாதிரி கெடக்கும், நிலாவெளில இருந்து போட் ஏறி புறாத்தீவுக்குப் போனா இடுப்பளவு தண்ணியிலயே பவளப்பாறையும் மீனும் பாக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தா ஆபத்து இல்லாத சின்னச் சுறா கூட வரும். அதே எடத்துக்கு டிசம்பர்ல போனீங்கன்னா போட்டே எடுக்க மாட்டாங்க.

சின்னப் பசங்க இருக்காங்கன்னு சொன்னீங்க. பாசிக்குடா போங்க. மட்டக்களப்புக்கு வடக்க இருக்குது, ரொம்ப தூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்ப தாண்டாது, பாறைத் திட்டு அலைய வெளியவே தடுத்துரும். அதுவும் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான். கெணத்துலயும் பவானிலயும் நீச்சலடிச்ச தைரியத்துல தெக்குக் கரையில சீசன் இல்லாதப்ப மட்டும் எறங்கிராதீங்க, நம்ம பக்கத்து ஆளுங்க இதுலதான் மாட்டறாங்க.

கோத்தகிரிக் கொழுந்து:

மலைநாட்டப் பத்தி யாரும் பேசல, நான் சொல்றேன் தம்பி. எங்க தாத்தா ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருந்தவரு, 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்பறம் குடும்பத்துல பாதி நீலகிரிக்கு வந்துருச்சு, மீதி அங்கயே நின்னுருச்சு. அதனால எங்களுக்கு அது டூர் இல்ல, ஒறம்பரை வீடு.

மலையிலயே ரெண்டு பக்கம் இருக்குது. ஹட்டன், நுவரெலியா மேக்குப் பக்கம், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரலும் பனிமூட்டமுமா இருக்கும், ரயில்ல போனா ஜன்னலுக்கு வெளிய வெள்ளையாத்தான் தெரியும், தேயிலையும் தெரியாது அருவியும் தெரியாது. அதே ரயிலு மலை முகட்டத் தாண்டி பண்டாரவளை, எல்லப் பக்கம் எறங்குனா ஜூலைல கூட வெயிலா இருக்கும், அது ஊவா மாகாணம். தேயிலைக்காரங்களுக்கு இது மனப்பாடம், ஹட்டன் பக்கத்து டிம்புல தேயிலை ஜனவரி மார்ச்ல வர்றதுதான் ஒசத்தி, ஊவா தேயிலை ஜூலை செப்டம்பர்ல அந்த வறண்ட காத்து அடிக்கறப்பதான் ஒசத்தி. எந்தப் பக்கம் எப்ப மழ இல்லைன்னு தெரியணும்னா தேயிலை ஏலக்காரங்களக் கேட்டாப் போதும், எந்த ஆப்பும் வேண்டாம்.

ஜனவரி பிப்ரவரில நுவரெலியால ராத்திரிக்கு நம்ம ஊட்டி மாதிரியே உறைபனி விழற நாளும் உண்டு, பெரியம்மாவுக்கு ஸ்வெட்டரு கம்பளி எடுத்துக்கோங்க. சிவனொளிபாத மலை ஏறணும்னா டிசம்பர் பௌர்ணமில இருந்து மே மாசம் புத்தர் பண்டிகையான வெசாக் பௌர்ணமி வரைக்கும்தான் சீசன், அப்பதான் வழி பூரா லைட் எரியும், கடை இருக்கும், மத்த மாசம் மழயும் அட்டையும்தான். ஏப்ரல் நடுவுல மட்டும் போகாதீங்க. நம்ம சித்திரை ஒண்ணாந் தேதிதான் சிங்களவங்களுக்கும் வருசப்பொறப்பு, நாடே லீவு, கடை எல்லாம் மூடிருவாங்க, கொழும்புக்காரங்க பூராவும் நுவரெலியாவுக்கு ஏறிருவாங்க, ரூமுக்கு சொன்ன வெலைதான்.

தீபாவளிக்குப் போலாம்னு சொன்ன ஈரோட்டுத் தம்பிக்கு ஒண்ணு. 2025 நவம்பர் கடைசில டிட்வா புயல் வந்தப்ப மலைநாட்டுல மண்ணு சரிஞ்சு எத்தனை சனம் போச்சு, தோட்டத் தொழிலாளிங்க இருக்கற லைன் வீடு எத்தனை போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். வருசா வருசம் அப்பிடி வராதுதான், ஆனா மத்தியானம் ரெண்டு மணி நேர மழதானேன்னு ஒரே வார்த்தையில சொல்லிறாதீங்க. மலைப்பாதை ரயிலும் அதுல ரொம்ப அடிவாங்குச்சு, கண்டில இருந்து எல்ல வரைக்கும் முழுசா ஓடுதான்னு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

ஈரோட்டு கஞ்சன்:

அக்கா சொல்றது நியாயந்தான். நானு மலைக்குப் போகல, கண்டியோட திரும்பிட்டேன். நவம்பர் கடைசி வேண்டாம், மலையும் வேண்டாம், அது மட்டும் மாத்திக்கறேன், ரேட் விஷயத்துல மாத்த மாட்டேன்.

தறிச்சத்தம் சோமனூர்:

நடுவுல ஒரு சந்தேகங்க. நாகப்பட்டினத்துல இருந்து கப்பல் வுடறாங்களே, அதுல போனா பிளைட் காசு மிச்சந்தானே? அதுக்கும் சீசன் இருக்குதா?

கடல்பைத்தியம் கோவை:

அதுக்குத்தான் மொதல்ல சீசனே. யாழ்ப்பாணம் பக்கத்துல காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே வடகிழக்குப் பருவம்னு நிறுத்திட்டாங்க, மறுபடி ஓடுனது 2024 ஆகஸ்ட்ல. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அத நம்பி பிளான் போடாதீங்க. நடுக்கோடையில போறதுன்னா பாக்கலாம், யாழ்ப்பாணம் மட்டும் சுத்தறவங்களுக்கு நல்ல வழிதான், ஆனா லக்கேஜ் எவ்வளவுன்னு மொதல்லயே பாத்துக்கணும்.

பனியன்பேட்டை:

அடேங்கப்பா, ஏஜெண்ட்டு ஒரு மணி நேரம் பேசுனதுல இதுல கால்வாசி கூட சொல்லலீங்க. தீபாவளிய ஊட்ல இப்பவே அடிச்சுட்டோம். இப்ப பொங்கலா மே-யான்னுதான் நிக்குது. அம்மா சொல்றது திருகோணமலையும் யாழ்ப்பாணமும், ரெண்டும் நீங்க சொல்ற கணக்குக்கு மே-க்குத்தான் வருது. ஊட்டுக்காரம்மா ரயிலு பொங்கலுக்குத்தான் நல்லாருக்கும் போல. பசங்களுக்கு எப்ப போனாலும் யானை வேணும். மே மாசம் வெயிலு எப்பிடிங்க, அம்மாவுக்கு தாங்குமா?

பொள்ளாச்சிக் காத்து:

பொங்கல்னா உங்களுக்கு நாலஞ்சு நாள்தான், அதுல தெக்கும் மேக்கும் மட்டும் பாக்கலாம்ங்க, கொழும்பு, காலிக் கோட்டை, மிரிஸ்ஸ திமிங்கலம், உடவளவ யானைன்னு அழகா அடங்கிரும், வானமும் சுத்தமா இருக்கும். ஆனா அம்மா கேட்டது ஒண்ணு கூட அதுல வராது. திருகோணமலைல ஜனவரில மழ ஓஞ்சுக்கிட்டு வர்ற நேரம், கோணேஸ்வரம் தொறந்துதான் இருக்கும், சாமி கும்புட்டுட்டு வரலாம், கடல்ல எறங்க முடியாது.

அதனால நானா இருந்தா மே மொதப் பாதி. மொதப் பாதின்னு அழுத்திச் சொல்றேன். 2016லயும் 2017லயும் மே ரெண்டாவது பாதிலதான் மேக்குப் பக்கம் வெள்ளமும் மண்சரிவும் பெருசா வந்துச்சு, தென்மேற்குப் பருவம் தொடங்கற நேரம் அப்பிடித்தான். நீங்க திருச்சில இருந்தோ சென்னைல இருந்தோ கொழும்புல எறங்குனீங்கன்னா அங்க நிக்காம நேரா தம்புள்ள வந்துருங்க, ஒரு நாலு மணி நேரம் ஆகும், சிகிரியா தம்புள்ள பாத்துட்டு திருகோணமலை, அங்க ரெண்டு மூணு நாள் உக்காந்துருங்க, கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர் ஊத்து, நிலாவெளி எல்லாம் பக்கம் பக்கம். அப்பறம் வடக்க யாழ்ப்பாணம். நல்லூர் திருவிழா 25 நாள் நடக்கறது ஆடி ஆவணிலதான், அத மே-ல எதிர்பாக்காதீங்க, ஆனா கூட்டம் இல்லாம நிம்மதியா தரிசனம் கெடைக்கும், ஆம்பளைங்க சட்டையக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். கறுத்தக்கொழும்பான்னு ஒரு மாம்பழம் அங்க, அது வர ஆரம்பிக்கற காலம், விட்றாதீங்க.

யானை விஷயத்துல மட்டும் மே கொஞ்சம் நட்டந்தான். மின்னேரியா கொளத்துல தண்ணி வத்தி புல்லு மொளைக்கறப்ப நூத்துக்கணக்குல யானை ஒரே எடத்துல வந்து சேரும், 1700 வருசத்துக்கு முன்னாடி மகாசேனன்னு ஒரு ராசா வெட்டுன கொளம், அந்தக் கூட்டம் உச்சத்துல இருக்கறது ஆகஸ்ட் செப்டம்பர். மே-ல அந்த அளவு இருக்காது. அந்தப் பக்கம் ஜீப்காரங்களக் கேட்டா அன்னைக்கு எந்தக் காட்டுல யானை நிக்குதுன்னு சொல்லுவாங்க, பசங்களுக்கு பத்து யானை பாத்தாலே போதும். யால தேசியப் பூங்காவுக்குப் போலாம்னு யாராச்சும் சொன்னா, செப்டம்பர்ல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் அதோட முக்கியமான பகுதிய மூடறது வழக்கம், மே-ல அந்தக் கவலை இல்ல, ஆனா உங்க ரூட்டுக்கு தூரம்.

வெயிலு நம்ம ஈரோடு கரூர் வெயிலுக்கு எச்சு இல்லீங்க, ஆனா கடக்கரைப் புழுக்கம் இருக்குமில்ல, அது நமக்குப் பழக்கம் இல்ல. அம்மாவ காத்தால பத்து மணிக்குள்ளயும் சாயங்காலம் நாலுக்கு மேலயும் கூட்டிட்டுப் போங்க. சிகிரியா மட்டும் அம்மாவுக்கு வேண்டாம், படி எக்கச்சக்கம்.

கடல்பைத்தியம் கோவை:

மே-ன்னா நானும் ஓட்டு போடறேன். புறாத்தீவுக்கு காத்தால மொத போட்லயே போயிருங்ணா, பதினொண்ணுக்கு மேல கூட்டம் தாங்காது. பவளப்பாறை மேல பசங்கள நிக்க வுடாதீங்க.

பனியன்பேட்டை:

சரிங்க, மே மொத வாரம்னு வெச்சுட்டோம். ரயிலு?

கோத்தகிரிக் கொழுந்து:

கடைசி ரெண்டு நாள் வெச்சுக்கோங்க, யாழ்ப்பாணத்துல இருந்து எறங்கி கண்டி வழியா வர்றப்ப. மே மொத வாரம் மலையில சாயங்காலம் இடி மழ வரும், காத்தால ரயிலு ஏறுனா தெளிவாத்தான் இருக்கும். சீட் ரிசர்வேஷன் ஒரு மாசத்துக்கு முன்னாடி தொறக்கும், தொறந்த அன்னைக்கே எடுங்க, வெளிநாட்டுக்காரங்க மொத்தமா அள்ளிருவாங்க. ஒரு வேளை லைன் ஓடலைன்னா வருத்தப்படாதீங்க, ரோட்டு வழிலயும் தோட்டம் அதேதான்.

இன்னொண்ணு, அந்த வருசம் வெசாக் எந்தத் தேதின்னு காலண்டர்ல பாத்துக்கோங்க, மே மாசப் பௌர்ணமி. அன்னைக்கும் அடுத்த நாளும் லீவு, ஊரு பூரா காயிதக் கூண்டு வெளக்கு கட்டி வெச்சிருப்பாங்க, ரோட்டுல நிறுத்தி சும்மாவே சாப்பாடு குடுப்பாங்க, பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா கண்டி கொழும்புப் பக்கம் அந்த ரெண்டு நாளு வண்டி நகராது, ரூமும் கெடைக்காது, அந்தத் தேதிக்கு நீங்க திருகோணமலைலயோ யாழ்ப்பாணத்துலயோ இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க.

ஈரோட்டு கஞ்சன்:

பௌர்ணமி அன்னைக்கு அங்க சரக்கும் கெடைக்காது, யாருக்காச்சும் தேவப்பட்டா முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கட்டும்.

பனியன்பேட்டை:

அம்மா பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்காங்கண்ணா. அவங்க கேக்கறது வேற, சைவச் சாப்பாடு கெடைக்குமான்னு.

கோத்தகிரிக் கொழுந்து:

யாழ்ப்பாணம் திருகோணமலைல தாராளமா கெடைக்கும், சைவக் கடைன்னே போர்டு இருக்கும், இடியாப்பமும் சொதியும் வாங்கிக் குடுங்க. தம்புள்ள பக்கம்தான் கஷ்டம், சோறு கறின்னு கேட்டா நாலஞ்சு காய் வெப்பாங்க, மாசிக் கருவாடு போடாம வேணும்னு மறக்காமச் சொல்லிருங்க, சம்பல்ல கூட கருவாட்டுத் தூள் போட்டிருப்பாங்க. பெரியம்மாவுக்கு ஒரு டப்பால பருப்புப் பொடி எடுத்துட்டுப் போங்க.